சோழ சேனாதிபதிக்குப் பேரனாவது எப்படி?

பணி ஓய்வு வந்துவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். முழங்கால் இன்னும் சொன்னபடி கேட்கிறது. வம்சத்தின் வேரைத் தேடிக் கிளம்ப இதைவிட நல்ல வேளை வாய்க்காது. இந்த வேலையைப் பலரும் தாறுமாறாகச் செய்துவருகிறார்கள். கீழே உள்ளபடி நடந்தால் நீங்களும் தாறுமாறாகத்தான் செய்வீர்கள், ஆனால் ஒரு முறையோடு செய்வீர்கள். நோட்டும் பேனாவும் வேண்டாம். நல்ல சட்டை ஒன்று போதும். படம் எடுக்க வேண்டியிருக்கும்.

1. முடிவை முதலில் எழுதுங்கள்

மூதாதை யார் என்று தீர்மானித்துவிட்டு ஆதாரத்தைத் தேடுங்கள். சேனாதிபதி, மந்திரி, அரண்மனை வைத்தியர், கோயில் கட்டியவர் என்று நாலு இடம் காலியாக இருக்கிறது, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பண்ணையாள், மாட்டுக்காரர், வண்டிக்காரர் போன்ற இடங்களுக்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை. ராஜராஜன் படையில் சேனாதிபதிகள் மட்டும்தான் இருந்தார்கள். சிப்பாய் ஒருவனுக்குக்கூடக் குழந்தை பிறக்கவில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் தெருவில் வீடு வீடாக விசாரித்துப் பாருங்கள்.

2. தெரிந்தவர்களிடம் கேட்காதீர்கள்

எல்லாக் குடும்பத்திலும் தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டி பின்கட்டில் உட்கார்ந்திருப்பார். யார் யாருக்கு என்ன முறை, எந்தக் குழந்தை அம்மையில் போனது, எந்தச் சித்தப்பா யாரோடு பேச்சை நிறுத்தினார், எந்த நிலம் எந்தக் கடனுக்குப் போனது என்பதெல்லாம் அவருக்கு நாள் நட்சத்திரத்தோடு தெரியும். ஆபத்தான ஆள். "அடுத்த லீவுக்கு வந்து சாவகாசமா உக்காந்து பேசுறேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு நகருங்கள். இரண்டு மூன்று லீவு இப்படிப் போனால் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

பேசியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் குறுக்கே புகுங்கள். அவர் "உங்க பூட்டனுக்கு ரெண்டு சம்சாரம்டா" என்று ஆரம்பித்ததும், "அதெல்லாம் எதுக்குப் பாட்டி, நமக்குப் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம்தானே?" என்று சத்தமாகக் கேளுங்கள். காது சரியாகக் கேட்காததால் தலையை ஆட்டுவார். வாய்மொழி ஆதாரம் கிடைத்துவிட்டது.

3. ஊரை விட்டு வந்த கதையை எடுத்துவையுங்கள்

உங்கள் குடும்பம் இப்போதிருக்கும் ஊருக்கு வந்த காரணம் தயாராகவே இருக்கிறது. ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனமில்லை, ராத்திரியோடு ராத்திரியாக ஏழு அண்ணன் தம்பிகள் குலதெய்வத்தின் பிடிமண்ணைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், ஆறு வழிவிட்டது, துரத்தி வந்த படையை மூழ்கடித்தது. ராஜாவுக்குப் பதில் நவாப் என்றும் போட்டுக்கொள்ளலாம். பக்கத்து ஊரில் வேறு சாதிக்காரர்கள் இதே கதையை இதே ஆற்றை வைத்துச் சொன்னால் அவர்கள் திருடிவிட்டார்கள் என்று பொருள்.

1876 முதல் 1878 வரை மெட்ராஸ் மாகாணத்தைத் துடைத்துப்போட்ட தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி இந்த இடத்தில் வாய்திறக்காதீர்கள். கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்து வந்தவர்கள் எல்லாம் மற்றவர்களுடைய முன்னோர்கள்.

4. ஆண்டுக் கணக்கில் அசிரத்தையாக இருங்கள்

இது முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். சோழர் காலம் வரைக்கும் போக விமானம் வேண்டாம், கூட்டல் தெரியாமல் இருந்தால் போதும்.

முதலில் தமிழ் ஆண்டு. ஓலையில் "தாது வருஷம் ஆவணி மாதம்" என்று இருக்கிறது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் பெயர் அது. 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம், 1816ஆகவும் இருக்கலாம். ஓலையில் வேறு யார் பெயர் இருக்கிறது, எந்த நாணயத்தில் விலை பேசியிருக்கிறார்கள் என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும், ஆகவே பார்க்காதீர்கள். மூன்றில் பழையதை எடுங்கள். இன்னும் அறுபது பின்னால் போனாலும் கேட்பார் இல்லை.

அடுத்தது கொல்லம் ஆண்டு. தோவாளை, கல்குளம் பக்கத்துப் பத்திரமென்றால் அதில்தான் இருக்கும். 1075 என்று போட்டிருந்தால் 825ஐக் கூட்டி 1899–1900 என்று கொள்ளவேண்டும் என்பார்கள். கூட்டாதீர்கள். 1075இல் முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்து ஐந்தாண்டு ஆகியிருந்தது. உங்கள் முன்னோர் அவனுடைய ஆட்சியில் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பை ஒத்திக்கு வைத்திருக்கிறார், எவ்வளவு பெரிய சேதி! முத்திரைத்தாளின் மேலே திருவிதாங்கூர்ச் சங்கு தெரிகிறதா? நகல் எடுக்கும்போது அந்த மூலையை மடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பசலி. வருவாய்த்துறைக் கணக்கெல்லாம் இதில்தான் ஓடுகிறது, 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1311 அடங்கலில் உங்கள் பாட்டனார் பெயர் இருந்தால் அது 1901–02. நீங்கள் அதை வெறும் 1311 என்று படியுங்கள். மாலிக் கபூர் மதுரைக்கு வந்த ஆண்டு. ஊரே கலைந்து ஓடியபோது அவர் மட்டும் உட்கார்ந்து தீர்வை கட்டியிருக்கிறார். நேர்மையான குடும்பம்.

5. ஒரே பெயர் என்றால் ஒரே ஆள்

நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். சுப்பையா மகன் முத்தையா, முத்தையா மகன் சுப்பையா, மறுபடியும் முத்தையா. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் இந்தப் பெயர்களைப் பிரித்துப் பார்க்கச் சிரமப்படவேண்டாம், கலந்துவிடுங்கள். 1882இல் நிலம் வாங்கிய முத்தையாவும், 1911இல் கல்யாணம் செய்த முத்தையாவும், 1963இல் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட முத்தையாவும் ஒருவரே. வயது நூறைத் தாண்டுகிறதே என்று பேரன் கேட்டால், கம்பங்கூழ் குடித்து வளர்ந்த உடம்பு என்று சொல்லுங்கள். யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். நாம் அத்தனை பேரும் கம்பை நம்புகிறோம், குடிப்பதில்லை.

பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழே இறுதி. உங்கள் அப்பா, பெரியப்பா, மூன்று அத்தைகள் எல்லோரும் ஜூன் மாதம் பிறந்திருந்தால், பள்ளி திறக்கும் மாதத்தில் சேர்க்க வந்த பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் தோன்றியதை எழுதினார் என்று எண்ணாதீர்கள். ஜூன் ராசியான மாதம்.

6. அலுவலகத்துக்கு வெறுங்கையோடு போங்கள்

எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. இனாம் கமிஷன் 1858 முதல் எழுதிவைத்த பதிவேடுகளில், மானியம் யாருக்கு, எதற்காக, யாருடைய வாரிசுக்கு என்றெல்லாம் ஊர் ஊராக இருக்கும். அங்கே போக மாவட்டம், தாலுகா, கிராமம், ஆண்டு தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் ஒன்றும் தெரியாமல் வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் போய், "எங்க குடும்ப வரலாறு இருக்கா சார்?" என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். அரசு அலுவலகம் எல்லாமே இப்படித்தான் என்று திரும்பி வரும் பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

1980இல் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழித்தபோது பழைய கணக்குக் கட்டுகள் சில வீடுகளில் பரணுக்குப் போயின. உங்கள் ஊர்க் கர்ணத்தின் பேரனைப் போய்ப் பார்க்காதீர்கள். அவர் காப்பி கொடுத்துப் பரணில் ஏறச் சொன்னால் சட்டை அழுக்காகும். படம் கெட்டுவிடும்.

நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் இந்தக் கட்டுரையைப் படிக்காமல் விட்டுவிடலாம். ஒன்பது நகரக் கோயில்களிலும் கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எழுதி வருகிறார்கள். இப்படி ஒழுங்காகக் கணக்கு வைத்தால் சேனாதிபதிக்கு எங்கே இடம் இருக்கும்?

7. கடல் கடந்தவரை மறந்துவிடுங்கள்

பூட்டனாரின் தம்பி ஒருவர் இருபது வயதில் காணாமல் போனார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சாமியாராகிவிட்டார் என்று முடித்துவையுங்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அது தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள், பெரும்பகுதி மெட்ராஸ் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படம்கூட உண்டு. ஊரிலேயே தங்கி மிராசு பார்த்த அண்ணனின் உயரம் யாருக்கும் தெரியாது. கூலியாகப் போன தம்பியின் புருவத் தழும்பு தெரியும். சரக்குக்கு எப்போதும் ரசீது நன்றாக எழுதுவார்கள்.

சாதி என்ற கட்டத்தில் எழுதியிருப்பது உங்கள் கதையோடு ஒத்துவராவிட்டால், எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது என்று தள்ளிவிடுங்கள்.

ஒருநாள் டர்பனிலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருத்தர், கவுண்டர் என்பது கோவெண்டர் ஆகிப்போன பெயரோடும், உங்கள் ஊர்ப் பெயரைக் கண்டபடி எழுதிய ஒரு தாளோடும் உங்கள் வாசலில் வந்து நிற்பார். கண் கலங்கியிருக்கும். பாயசம் கொடுங்கள், பத்திரம் இருக்கும் பீரோவின் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பங்கு கேட்கத்தான் நாலாயிரம் கல் தாண்டி வந்திருக்கிறார்.

8. கல்லறைத் தோட்டத்தில் செய்யவேண்டியவை

கிறிஸ்தவக் குடும்பமென்றால் உங்களுக்குக் கல் இருக்கிறது. கல் இருப்பதால் கெடுக்கவும் வழிகள் அதிகம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் போங்கள். ஊரே மெழுகுவர்த்தியும் செவ்வந்தி மாலையுமாக நெருக்கியடிக்கும்போது காவலாளியைப் பிடித்து நிறுத்தி 1890ஆம் ஆண்டு அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். பதிவேடு கோயிலில் இருக்கிறது, எழுதிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள் என்று யாராவது சொன்னால் கரையான் தின்றிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

எழுத்து மங்கியிருக்கிறதா? சாய்வான காலை வெயிலில் பார்த்தாலோ, பக்கவாட்டில் டார்ச் அடித்தாலோ வெட்டு தெரிந்துவிடும், கல்லுக்கும் கேடில்லை. ஆகவே உச்சிவெயிலில் கம்பித் தூரிகையும் கக்கூஸ் ஆசிடும் கொண்டு தேயுங்கள். மிச்சம் இருந்ததும் போன பிறகு கறுப்பு எனாமல் பெயிண்டால் உத்தேசமாக எழுதுங்கள். 3க்கும் 8க்கும் இடையே ஐம்பது ஆண்டு ஊசலாடும்போது முடிவு தூரிகை பிடித்தவர் கையில்.

பணம் இருந்தால் இதுவும் வேண்டாம். பழைய கல்லைப் பெயர்த்து மதில் ஓரம் போட்டுவிட்டுப் பளபளக்கும் கிரானைட்டில் பொன்னெழுத்துப் பதியுங்கள். பழைய கல்லில் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் வெட்டியிருக்கும். புதியதில் இடம் குறைவு, புதுப்பித்த உங்கள் பெயருக்கு மட்டும் இருக்கும்.

நகரத்தில் இடநெருக்கடியால் ஒரே குழியை அதே குடும்பத்தாருக்கு மறுபடி மறுபடி திறப்பார்கள். மேலே எழுதிய பெயர் கடைசியாகப் போனவருடையது, கீழே எத்தனை அடுக்கு என்பது பதிவேட்டுக்குத்தான் தெரியும். நீங்கள் கல்லை மட்டும் நம்புங்கள். கல் இருக்கும் இடத்தில் ஆள் இருப்பார் என்பதும் உங்கள் கொள்கையாக இருக்கட்டும். சென்னைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலய முற்றத்தில் வரிசையாகக் கல்லறைக் கற்கள் பதித்திருக்கின்றன. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் பழைய ஆங்கிலேயர் இடுகாட்டின் சமாதிகளை மறைவாக வைத்துச் சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் கும்பினியார் சமாதிகளை இடித்துக் கற்களைக் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள். ஆட்கள் இன்றும் பழைய சட்டக் கல்லூரிப் பக்கம்தான் கிடக்கிறார்கள். முற்றத்தில் நின்று உருக்கமாகப் படம் எடுத்துக்கொள்ள அது ஒரு தடையே அல்ல.

ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்துத் தொலைத்தால் எச்சரிக்கை. 1877–78 பஞ்ச காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். உங்கள் முன்னோர் பெயரும் அந்தப் பக்கத்தில், அதே கிராமத்தார் நாற்பது பேரோடு வரிசையாக இருந்தால் மூடிவிடுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவோடு திண்ணையில் உட்கார்ந்து வேதாந்தம் வாதாடித் தோற்றுப்போய்ச் சேர்ந்தவர் என்று எழுதுங்கள்.

எரித்துக் கரைக்கும் குடும்பமென்றால் உங்களுக்குக் கல் இல்லை, கவலையும் இல்லை. வயலோரம் புதைத்த சமாதி இருந்திருந்தால் அதன் மேல் புறவழிச்சாலை போயிருக்கும். மாநகராட்சி மயானத்தில் பதிவேடு உண்டு என்று நினைவூட்டுபவர்களிடம், சுடுகாட்டுக்கு அடிக்கடி போகக்கூடாது என்று சொல்லுங்கள்.

9. நடுகல் ஒன்றைச் சுவீகரியுங்கள்

செங்கம், தருமபுரி வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். வாளும் வில்லும் பிடித்து நிற்கும் வீரனில் உங்கள் பெரியப்பாவின் மூக்கு தெரியும்வரை உற்றுப்பாருங்கள். வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்லாதீர்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவகத்தி என்ற வீரனும் அவனுடைய நாயும் அதில் நிற்கிறார்கள். கள்வர்களைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது.

ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பு செத்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. உங்கள் அப்பாவின் பாட்டி பெயர் என்ன? யோசிக்காதீர்கள், அடுத்த படிக்கு வாருங்கள்.

10. பெண்களை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்

மரம் அடர்த்தியாகத் தெரியக்கூடாது. பிறந்த பெண்கள் கல்யாணம் ஆனதும் கிளையோடு உதிரட்டும். வந்த மருமகள்களுக்கு "மனைவி" என்று ஒரு கட்டம் போதும். இரண்டு மனைவி என்றால் ஒரே கட்டத்தில் அடங்குவார்கள், பாட்டி சொன்னது உங்களுக்குக் கேட்கவே இல்லை.

தர்ப்பணம் கொடுக்கும் வீடென்றால் ஓர் இடைஞ்சல் உண்டு. ஆண்களுக்கு மூன்று தலைமுறை போலவே அம்மா, அப்பாவின் அம்மா, தாத்தாவின் அம்மா என்று பெண்களுக்கும் பெயர் கேட்பார்கள். மூன்றாவது பெயர் வரும்போது இருமுங்கள். வாத்தியார் தொடர்ந்து மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு போவார். அமாவாசைக்கு எத்தனை இருமலைக் கேட்டவர்.

உண்மையில் அந்தப் பெண்களின் பெயர் ஒரு தாளில் இருக்கிறது. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்றானது. உடனே அண்ணன் தம்பிகள் அக்கா தங்கைகளை மஞ்சள் குங்குமத்தோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். இன்னார் மகள் இன்னாள், இன்ன ஊரில் இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டவள், வயது இத்தனை, தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தேன் என்று எழுதி, கீழே கட்டைவிரல் ரேகை. வாழ்நாள் முழுக்க அவர் பெயர் முழுசாக, ஊரோடு வயதோடு எழுதப்பட்ட ஒரே தாள் பல குடும்பங்களில் அதுதான். வில்லங்கச் சான்று போட்டால் பத்திர எண் வரும், எண்ணைக் கொடுத்தால் நகல் வரும்.

போடாதீர்கள். அந்த நிலம் விற்ற பணத்தில்தான் உங்கள் புத்தகம் அச்சாகப் போகிறது.

11. டி.என்.ஏ. சோதனை

எச்சிலையும் ஆயிரக்கணக்கில் பணத்தையும் அனுப்பிவையுங்கள். நீங்கள் தென்னிந்தியர் என்று பதில் வரும்.

12. புத்தகம் போடுங்கள்

அட்டையில் புலிக்கொடி. முதல் பக்கத்தில் வழவழ தாளில் நீங்கள். குதிரைமேல் இருக்கும் சேனாதிபதிக்குப் படம் கிடையாது என்பதால் ஓவியரிடம் உங்கள் இளமைக்காலப் படத்தைக் கொடுத்து மீசையை மட்டும் பெரிதாக்கச் சொல்லுங்கள். மரத்தை நடுப்பக்கத்தில் மடித்து வையுங்கள், பிரித்தால் திரும்ப மடிக்க வரக்கூடாது. பங்காளிகளில் நன்கொடை கொடுத்தவர்களுக்குத் தடித்த எழுத்து, கொடுக்காதவர்கள் "மற்றும் பலர்". கோர்ட்டில் வழக்கு நடக்கும் பங்காளிக்கு வாரிசு இல்லை என்று போடுங்கள்.

வெளியீட்டைக் குலதெய்வக் கோயில் மண்டபத்தில் வையுங்கள். முதல் பிரதியைப் பெறுபவர் வரலாறு தெரியாதவராக இருக்கட்டும், ஒன்றியத்தில் பதவியில் இருப்பவர் நல்லது. சாப்பாடு பந்தியில் இருக்கும்போது பிரதிகளை விநியோகித்தால் எண்ணெய்க் கையோடு யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். அப்படியும் கையைக் கழுவிவிட்டு வந்து, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மச்சினர், நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மகன் பிறந்து பதினோரு ஆண்டு கழித்து அப்பா பிறக்கிறாரே என்று கேட்பார். அச்சுப்பிழை, இரண்டாம் பதிப்பில் சரிசெய்துவிடலாம் மாப்பிள்ளை என்று தோளில் தட்டுங்கள்.

சொன்னபடி இரண்டாம் பதிப்பில் சரிசெய்யுங்கள். மச்சினர் பெயரை எடுத்துவிடுங்கள்.